பேசாப் பிள்ளைக்கும் தாய்மொழி உண்டு

ஆண்டுதோறும் செப்ரெம்பர் மாதத்தில், புதிய மாணவர்களைப் பதிவு செய்யும் நாளன்று, பெற்றோர் எம்மிடம் பல வினாக்களை விடுப்பர். எந்த வகுப்பு, எந்தப் புத்தகம், எத்தனை மணிக்குப் பிள்ளையை அழைத்துச் செல்ல வேண்டும் என்பன அவற்றுட் சில. அவையெல்லாம் உரத்த குரலில் கேட்கப்படுபவை. ஒரு வினா மட்டும், வரிசையில் நின்ற மற்றையோர் யாவரும் சென்ற பின்னர், தாழ்ந்த குரலில் கேட்கப்படும். "சேர், பிள்ளைக்கு ஓட்டிசம் எண்டு சொல்லிப்போட்டினம். இனி வீட்டில தமிழ் கதைக்கக் கூடாதோ?"

இவ்வினாவைத் தாய்மார் பலர் எம்மிடம் கேட்டுள்ளனர். அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். யாம் வைத்தியரல்லர், உளவியலாளரும் அல்லர். ஊரிலே பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து, இந்நாட்டிலே வாரயிறுதியில் தமிழ் கற்பிப்பவர். ஆசிரியர் ஒருவர் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை யாம் மிகவும் பிந்தியே அறிந்தோம். பிந்தியமையால் ஒரு பிள்ளைக்குத் தீங்கும் இழைத்தோம். அதனை முதலிற் கூறிவிடுவதே முறை.

எமது பிழை

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் எமது வகுப்பிலே சேர்க்கப்பட்டான். அவன் எம் முகத்தை நோக்குவதில்லை. வண்ணப் பென்சில்களை ஒரே நேர்கோட்டில் அடுக்குவான். ஒன்று விலகினாலும் அழுவான். இடைவேளை மணி ஒலித்தால் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு மேசையின் கீழே புகுவான். முதல் நாள் அவனிடம், "உமது பெயர் என்ன?" என்று வினவினோம். "உமது பெயர் என்ன?" என்று எமது குரலின் ஏற்ற இறக்கத்துடனேயே அவன் திருப்பிச் சொன்னான். வகுப்பு நகைத்தது. ஊரிலே பழகிய கண்டிப்பு எம்மை விட்டு அகன்றிருக்கவில்லை. சிறுவன் எம்மைப் பகிடி செய்கிறான் எனக் கருதி, அவனை ஒரு மூலையிலே தனியே இருத்தினோம். அடுத்தடுத்த கிழமைகளிலும் அவ்வாறே நிகழ்ந்தது. நான்காம் கிழமை அவன் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாம் விசாரிக்கவும் இல்லை.

மறு ஆண்டு ஸ்காபரோவிலுள்ள தமிழ்க் கடையொன்றில் அச்சிறுவனின் தாயாரைக் கண்டோம். அவர் எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "சேர், உங்கட வகுப்புச் சுவரில இருந்த எழுத்தட்டையை அவன் இப்பவும் எழுதுறான்" என்றார். மூன்று கிழமை மட்டுமே வகுப்பில் இருந்த பிள்ளை, நெடுங்கணக்கின் 247 எழுத்துகளையும் வரிசை பிறழாது கடதாசியிலே எழுதி வருகிறான் என அறிந்தோம். ஆனால் அவனது வீட்டிலே தமிழ்ப் பேச்சு நின்றுவிட்டது. ஒரு மொழியே இப்பிள்ளைக்கு நல்லது, அதுவும் ஆங்கிலமே நல்லது என்று யாரோ ஆலோசனை கூறியிருந்தனர். தாயார் தமக்குத் தெரிந்த சிறிதளவு ஆங்கிலத்தைக் கொண்டு மகனுடன் பேசி வந்தார். அம்மம்மாவுக்கு ஆங்கிலமே தெரியாது. ஆகவே அவர் பேரனுக்குச் சோறு ஊட்டுவார், பேசமாட்டார்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அதன் பின்னரே இவ்விடயம் பற்றிய நூல்களையும் ஆய்வுகளையும் தேடிக் கற்கத் தொடங்கினோம். கற்றவற்றின் சாரத்தை இங்கே தருகின்றோம்.

ஓட்டிசம் என்பது யாது?

தமிழகத்தார் ஆட்டிசம் என்றும், ஈழத்தவர் ஓட்டிசம் என்றும் எழுதும் இச்சொல், 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது. மதியிறுக்கம் எனத் தமிழாக்கம் செய்வாரும் உளர். அச்சொல் அறிவுக் குறைவைக் குறிப்பது போலத் தோன்றுவதால், யாம் ஓட்டிசம் என்றே எழுதுகின்றோம்.

ஓட்டிசம் ஒரு நோயன்று, தொற்றுவதுமன்று. மூளை வளரும் விதத்திலே பிறப்பிலிருந்தே அமையும் ஒரு வேறுபாடு அது. பிறருடன் உறவாடுவதிலும் கருத்துப் பரிமாறுவதிலும் இடர்ப்பாடு இருக்கும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், மாற்றத்தைத் தாங்க இயலாமை, ஒரு பொருளில் ஆழ்ந்த ஈடுபாடு, ஒலி, ஒளி, தொடுகை, சுவை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் என்பன பிற அடையாளங்கள். ஒரு பிள்ளை பேசவே மாட்டாது. இன்னொரு பிள்ளை ஓயாது பேசும். ஒரு பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் துணை வேண்டும். இன்னொரு பிள்ளை பல்கலைக்கழகம் செல்லும். வானவில்லின் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து விரிவது போல இதன் வகைகளும் விரிவதால், இதனை ஓட்டிச நிறமாலை என்பர். இலண்டனிலே ஆய்வு நடத்தி 1979 ஆம் ஆண்டு அதன் முடிவுகளை வெளியிட்ட லோர்னா விங், ஜூடித் கூல்ட் என்னும் இருவரே இக்கருத்துக்கு அடிகோலினர். லோர்னா விங் ஓர் உளமருத்துவர்; ஓட்டிசம் உள்ள மகளொருத்தியின் தாயுமாவார்.

கனடாவிலே 1 முதல் 17 வயது வரையான பிள்ளைகளில் 50 பேருக்கு ஒருவர் இவ்வாறு இனங்காணப்பட்டுள்ளதாக 2019 ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு காட்டிற்று. நமது தாயகத்திலும் இது புதிதன்று. கொழும்பைச் சேர்ந்த பேராசிரியை ஹேமமாலி பெரேரா குழுவினர், 18 முதல் 24 மாத வயதுடைய 374 குழந்தைகளைப் பரிசோதித்து 2009 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விலே, 93 பேருக்கு ஒருவர் என்னும் விகிதம் காணப்பட்டது. ஆகவே "எங்கட ஆக்களுக்கு இது வாறதில்லை" என்பது பொருந்தாது. ஊரிலும் இத்தகைய பிள்ளைகள் இருந்தனர். அவர்களை ஊமை என்றோம், பைத்தியம் என்றோம், திண்ணைக்குப் பின்னே மறைத்தும் வைத்தோம்.

தாய்மார் மீது வீழ்ந்த பழி

1943 ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பால்ரிமோர் நகரிலே பணியாற்றிய லியோ கானர் என்னும் குழந்தை உளமருத்துவர், எட்டுச் சிறுவரும் மூன்று சிறுமியருமாகப் பதினொரு பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஓட்டிசம் பற்றிய ஆய்வு வரலாற்றில் அதுவே பெரும் திருப்பம். அப்பதினொருவருள் முதல்வராகக் குறிக்கப்பட்டவர் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த டொனால்ட் திரிப்லெற். சிறுவயதில் அவர் தம்மை 'நான்' என்னாது 'நீ' என்றே குறிப்பிட்டார். பிறர் சொல்லக் கேட்டவாறே திருப்பிச் சொன்னமையே அதற்குக் காரணம். எமது வகுப்புச் சிறுவன் செய்ததும் அதுவே. இதனை எதிரொலிப் பேச்சு என்பர். அது பகிடியன்று. சொற்றொடர் முழுவதையும் ஒரே துண்டாகப் பிடித்து வைத்துக்கொண்டு, பேச்சுக்குள் நுழைய முயலும் பிள்ளையின் வழி அது. டொனால்ட் திரிப்லெற் பின்னாளில் பட்டம் பெற்று, சொந்த ஊரின் வங்கியிலே நெடுங்காலம் பணியாற்றி, பல நாடுகளுக்குத் தனியே பயணம் செய்து, 2023 ஆம் ஆண்டு தமது 89 ஆவது வயதிலே காலமானார்.

கானர் தமது எழுத்துகளிலே, இப்பிள்ளைகளின் பெற்றோர் பலர் அன்பைக் குறைவாகவே வெளிக்காட்டுபவர் என்றும் குறிப்பிட்டார். அக்குறிப்பு பெருந்தீயாயிற்று. தாயின் மனம் பனிக்கட்டியாக இருந்தமையாலேயே பிள்ளை தன்னுள் ஒடுங்கிற்று என்று கூறலாயினர். புரூணோ பெற்றல்ஹெய்ம் என்பார் 1967 இல் வெளியிட்ட நூல் இக்கொள்கையை உலகெங்கும் பரப்பிற்று. எத்தனையோ தாய்மார் தம்மையே நொந்து அழிந்தனர்.

இப்பழியைத் துடைக்க முன்வந்தவர்களுள் ஒருவர் பேர்ணாட் றிம்லண்ட் என்னும் உளவியலாளர். ஓட்டிசம் உள்ள மகனின் தந்தையாகிய அவர், ஓட்டிசத்தின் காரணம் உடலியல் சார்ந்தது என்று 1964 ஆம் ஆண்டிலேயே நூலொன்றில் வாதிட்டார். 1969 இல் பெற்றோர் சங்கக் கூட்டமொன்றில் உரையாற்றிய கானரும், பெற்றோர் குற்றமற்றவர் என வெளிப்படையாகக் கூறினார். 1977 இல் சூசன் ஃபோல்ஸ்ரைன், மைக்கல் றட்டர் ஆகிய இருவரும் 21 சோடி இரட்டையரை ஆராய்ந்து, ஓட்டிசத்தில் மரபணுக்களின் பங்கு பெரிது எனக் காட்டினர். ரொறன்ரோ நகரின் சிறுவர் வைத்தியசாலையிலே ஸ்ரீபன் ஷெரர் தலைமையில் இயங்கும் ஆய்வாளர், ஓட்டிசத்துடன் தொடர்புடைய 134 மரபணுக்களை 2022 ஆம் ஆண்டு இனங்கண்டு அறிவித்தனர்.

தடுப்பூசியினால் ஓட்டிசம் வரும் என்னும் அச்சமும் நம்மவரிடையே உலவுகின்றது. 1998 இல் பன்னிரண்டு பிள்ளைகளை மட்டும் வைத்து எழுதப்பட்ட ஒரு கட்டுரையிலிருந்து பரவிய அச்சம் அது. அக்கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகையே 2010 இல் அதனை மீளப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கிலே ஆறரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்து 2019 இல் வெளிவந்த ஆய்வு, சின்னமுத்துத் தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பில்லை என நிறுவிற்று.

ஆகவே தாய்மாரே, நீங்கள் கருவுற்றிருந்தபோது அழுதமையாலோ, வேலைக்குச் சென்றமையாலோ, முன்வினையாலோ இது நேரவில்லை. வீட்டிலே இரு மொழிகள் ஒலித்தமையாலும் நேரவில்லை.

உளவியலார் கண்டவை

மாணவர்களே, உங்களுக்கும் விளங்கும் ஓர் ஆய்வைக் கூறுகின்றோம். சாலி, ஆன் என இரு பொம்மைகள். சாலி ஒரு கோலிக்குண்டைத் தன் கூடையில் வைத்துவிட்டு வெளியே செல்கின்றாள். ஆன் அதனை எடுத்துத் தன் பெட்டியில் ஒளித்து வைக்கின்றாள். திரும்பி வரும் சாலி, குண்டை எங்கே தேடுவாள்? 'கூடையில்' என்பதே விடை. குண்டு இடம் மாறியதை அவள் அறியாள் அல்லவா? 1985 ஆம் ஆண்டு சைமன் பரன்-கோஹன், அலன் லெஸ்லி, உட்டா ஃபிறித் ஆகியோர் இக்கதையை நடித்துக் காட்டி வினவியபோது, ஓட்டிசம் உள்ள 20 பிள்ளைகளில் 16 பேர் 'பெட்டியில்' என்றனர். பிறர் மனத்தில் இருப்பது தமது மனத்தில் இருப்பதினின்றும் வேறானது என்பதை உய்த்துணர்வது அவர்களுக்குக் கடினம் என ஆய்வாளர் விளக்கினர். எஞ்சிய நால்வர் சரியான விடையே கூறினர் என்பதையும் மறத்தல் ஆகாது.

ஆயினும் கதை அவ்வளவில் முடியவில்லை. ஓட்டிசம் உள்ளவரும் சமூகவியலாளருமான டேமியன் மில்ரன், 2012 இல் ஒரு மறுவினாவை எழுப்பினார். அவர்களுக்கு நம் மனம் விளங்கவில்லை என்கின்றோம்; நமக்கு அவர்களின் மனம் விளங்குகின்றதா? 2020 இல் எடின்பரோவைச் சேர்ந்த கத்தரின் குறொம்ப்ரன் குழுவினர் இதனைச் சோதித்தனர். ஒருவர் மற்றவருக்கு ஒரு கதையைச் சொல்ல, அவர் அடுத்தவருக்குச் சொல்ல, இவ்வாறு கதை கைமாறிச் சென்றது. ஓட்டிசம் உள்ளவர் மட்டும் சேர்ந்த குழுக்களிலே கதை, மற்றையோர் குழுக்களில் போலவே நன்கு கைமாறிற்று. இரு சாராரும் கலந்த குழுக்களிலேதான் அது பெரிதும் சிதைந்தது. ஆகவே விளங்காமை இரு பக்கத்தது. மேசையின் கீழே ஒளிந்த சிறுவனுக்கு எம்மை விளங்கவில்லை; எமக்கும் அவனை விளங்கவில்லை. அவன் எழுத்துகளைக் கற்றான். ஆசிரியராகிய யாமோ அவனைக் கற்கவில்லை.

இரு மொழி சுமையாகுமா?

இனி, தாய்மாரின் வினாவுக்கு வருவோம். பேசத் தாமதிக்கும் பிள்ளைக்கு இரு மொழிகள் பெருஞ்சுமை என்பது கேட்ட மாத்திரத்தில் நியாயமாகவே தோன்றும். ஆனால் ஆய்வுகள் அவ்வாறு கூறவில்லை.

கனடாவின் மொன்றியல் நகரிலே ஹம்ப்ளி, ஃபொம்பொன் என்னும் ஆய்வாளர் இருவர், ஓட்டிசம் உள்ள 75 பிள்ளைகளை ஆராய்ந்து 2012 இல் முடிவுகளை வெளியிட்டனர். இரு மொழிச் சூழலில் வளர்ந்த பிள்ளைகள், ஒரு மொழிச் சூழலில் வளர்ந்தவர்களிலும் பார்க்க மேலதிகமாகப் பிந்தவில்லை. அதே ஆண்டு பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலே சீனமும் ஆங்கிலமும் பேசும் பிள்ளைகள் 14 பேரை, ஆங்கிலம் மட்டும் பேசும் 14 பேருடன் ஒப்பிட்ட ஆய்வும் அவ்வாறே கண்டது. மக்கில் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் 6 முதல் 9 வயதுடைய 40 பிள்ளைகளை ஆராய்ந்தபோது, ஓட்டிசம் உள்ளவர்களுள் இரு மொழி அறிந்தோர், ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கு மனத்தை மாற்றும் கணினிப் பயிற்சியொன்றில் ஒரு மொழி மட்டும் அறிந்தோரை விஞ்சினர்.

இவை சிறிய ஆய்வுகளே. தமிழ் பேசினால் ஓட்டிசம் நீங்கும் என யாரும் கூறவில்லை, யாமும் கூறோம். தாய்மொழியைக் கைவிடுவதால் பிள்ளைக்கு நன்மை விளையும் என்பதற்குச் சான்றில்லை என்பதே இவற்றின் பயன். ஆனால் இழப்பு உண்டு. லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் குடியேறிய குடும்பங்களை ஆராய்ந்து 2005 இல் எழுதப்பட்ட கட்டுரையொன்று அவ்விழப்பை எடுத்துக்காட்டுகின்றது. பெற்றோர் தமக்கு நன்கு வராத ஆங்கிலத்தில் பிள்ளையுடன் பேசினர்; தம்முள் தாய்மொழியிலே பேசினர். அதனால் உணவு மேசையில் நடக்கும் உரையாடலுக்குப் பிள்ளை புறத்தே நின்றது. உறவாடல் கடினமாக உள்ள பிள்ளையிடமிருந்து, உறவாடும் வாய்ப்பையே எடுத்துவிட்டோம் அல்லவா?

தாய்க்கு எந்த மொழியிலே தாலாட்டவும், கொஞ்சவும், கதை சொல்லவும், கோபிக்கவும் இயல்பாக வருமோ, அம்மொழியே பிள்ளைக்கு உகந்தது. சில வீடுகளில் அஃது ஆங்கிலமாகவே இருக்கலாம், அதிற் குறையில்லை. தமிழாயின், அதனை நிறுத்த வேண்டியதில்லை.

வீட்டிலே செய்யத்தக்கவை

ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு உதவும் முறைகளுள், பெற்றோரையே பயிற்றுவிக்கும் முறை இன்று முக்கிய இடம் பெற்றுள்ளது. இங்கிலாந்திலே 152 குடும்பங்களுடன் நடத்தப்பட்டு 2010 இல் வெளியான ஆய்வில், பெற்றோரும் பிள்ளையும் விளையாடுவதைப் படம்பிடித்து, பிள்ளை தொடர்புகொள்ள முயன்ற சிறு கணங்களைப் பெற்றோருக்கே காட்டிப் பயிற்றினர். ஏறத்தாழ ஆறாண்டுகளின் பின்னர் மீண்டும் பார்த்தபோதும் அதன் நற்பயன் ஓரளவு நிலைத்திருந்தது. அம்முறையையே தெற்காசியாவுக்கு ஏற்ப மாற்றி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளுடன் சோதித்தனர். அங்கே பயிற்சி அளித்தவர் பெரும் நிபுணரல்லர்; பயிற்றப்பட்ட சாதாரண சுகாதாரப் பணியாளர். 2016 இல் வெளியான முடிவுகளின்படி, பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து நடப்பதும், பிள்ளை தானே பேச்சைத் தொடங்குவதும் மிகுந்தன. இலங்கையில் பேராசிரியை பெரேரா குழுவினரும் தாய்மாரைப் பயிற்றி வீட்டிலேயே நடத்தும் முறையை ஆராய்ந்து நற்பயன் கண்டனர்.

ரொறன்ரோவில் இயங்கும் ஹனன் நிலையம், பேசத் தாமதிக்கும் பிள்ளைகளின் பெற்றோரைப் பயிற்றுவிப்பதில் உலகப் புகழ் பெற்றது. அயலா மனோல்சன் என்னும் பேச்சுச் சிகிச்சையாளர் 1975 இல் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்தது அது. பிள்ளையைக் கவனித்தல், காத்திருத்தல், செவிமடுத்தல் என்பனவே அதன் அடிப்படைகள். ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். சவர்க்காரக் குமிழி ஊதுவது பிள்ளைக்கு விருப்பம் என்க. ஒரு முறை ஊதுங்கள். பின்னர் நிறுத்தி, மனத்துள் பத்து வரை எண்ணுங்கள். பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கலாம், கையைத் தள்ளலாம், ஓர் ஒலி எழுப்பலாம். அதுவே அதன் பேச்சு. உடனே "ஊது" என்று சொல்லிக்கொண்டு ஊதுங்கள். பல நாட்கள் இவ்வாறு செய்தபின், அச்சொல் ஒருநாள் பிள்ளையின் வாயிலிருந்து வரக்கூடும். வராவிடினும் தொடர்பு ஏற்பட்டுவிட்டது. படங்களைக் காட்டியும், சைகையாலும், மின்பலகையைத் தொட்டும் கருத்துச் சொல்லும் பிள்ளையும் பேசும் பிள்ளையே.

தமிழாசிரியராகிய எமக்கு ஒன்று தோன்றுகின்றது. நம் மொழியிலே ஓரெழுத்தொருமொழிகள் 42 என்பது நன்னூலார் கணக்கு. வா, போ, தா, பூ, கை, தீ என்பன அவற்றுட் சில. வாயெடுக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு இத்தகைய குறுஞ்சொற்கள் எளியன. "இங்கே வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறாயா, கண்ணா?" என்பதிலும், கையை நீட்டி "வா" என்பது தெளிவானது.

பிள்ளை சற்று வளர்ந்த பின்னரும் பெற்றோரின் பங்கு குன்றுவதில்லை. யோர்க் பல்கலைக்கழகத்திலே ஜோனதன் வைஸ் குழுவினர், 8 முதல் 12 வயதுடைய 68 பிள்ளைகளுக்கு, கோபம், பதற்றம் முதலிய உணர்ச்சிகளைக் கையாளப் பயிற்சியளித்து, பயன் கண்டு, 2018 இல் அறிவித்தனர். பயிற்சியின்போது பெற்றோரும் உடனிருந்து பங்கெடுத்தனர்.

பெற்றோரின் மனத்தையும் மறத்தல் ஆகாது. இரவு வேலைக்குச் செல்லும் தந்தை, உறக்கமற்ற தாய், தன்னைக் கவனிப்பார் இல்லையே என ஏங்கும் தமக்கை, இவர்கள் எல்லாரும் சேர்ந்ததே குடும்பம். பிள்ளையை மறைத்து வைக்கும் வீட்டுக்குத் துணையும் வராது. கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் பிள்ளையுடன் வரும் தாயை உற்றுப் பார்க்காது, அவருக்கு அருகே இடம் விடுவதே உறவினர் செய்யத்தக்க முதல் உதவி.

நமது நகரிலுள்ள துணைகள்

ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தாற் திரும்பாமை, ஒன்றரை வயதிலும் விரலாற் சுட்டிக் காட்டாமை, பேசிய சொற்களை இழத்தல் என்பன கண்டால், "ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும்" என்று காத்திராது குடும்ப வைத்தியரிடம் கூறுங்கள். செவிப்புலனையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஓட்டிசம் என உறுதியானதும், 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை ஒன்ராறியோ ஓட்டிசத் திட்டத்திற் பதிவு செய்யலாம். சிகிச்சைக்கான நிதிக்குப் பல்லாயிரம் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கின்றனர் என்பது வேதனைக்குரிய உண்மை. ஆகையால் பதிவை ஒரு நாளும் பிற்போடாதீர்கள். நிதி கிடைக்குமுன்னரும் பெறத்தக்கவை உண்டு. குடும்பங்களுக்கான அடிப்படைப் பயிற்சிகளும், 12 முதல் 48 மாத வயதுடைய பிள்ளைகளுக்குப் பெற்றோர் வாயிலாக நடத்தப்படும் திட்டமும், பாடசாலை புகும் பிள்ளைகளுக்கான ஆயத்தத் திட்டமும் அத்தகையன.

ஒன்ராறியோவிலே 1980 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பயனாக, விசேட தேவையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் பொதுப் பாடசாலையிலே அதற்கேற்ற கல்வி பெறும் உரிமை உண்டு. பிள்ளைக்கெனத் தனியான கல்வித் திட்டம் எழுத்தில் வகுக்கப்படும். அதன் பிரதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு அழைத்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் எனத் தயங்காது கேளுங்கள். விளங்காத தாளில் ஒப்பமிடாதீர்கள்.

1973 இல் பெற்றோர் முயற்சியால் தோன்றிய ஒன்ராறியோ ஓட்டிசச் சங்கமும், 1974 இல் தோன்றிய ஜெனீவா நிலையமும் இந்நகரிலே நெடுங்காலமாகப் பணிபுரிகின்றன. நம்மவருக்கு அண்மையானது, 2008 ஆம் ஆண்டு ஸ்காபரோவிலே பரதநாட்டிய ஆசிரியை கீதா மூர்த்தி தொடங்கிய தென்னாசிய ஓட்டிச விழிப்புணர்வு நிலையம். பெரும் வைத்தியசாலை தொடங்கியதன்று அது. கலை கற்பித்த ஓர் ஆசிரியை தொடங்கியது. இதனை எண்ணுந்தோறும் எமக்கு வெட்கமும் ஊக்கமும் ஒருங்கே உண்டாகின்றன. ஓர் ஆசிரியை கதவைத் திறந்தார். யாம் ஒரு பிள்ளையை மூலையில் இருத்தினோம்.

மாணவச் செல்வங்களுக்கு

உங்கள் வகுப்பில் இத்தகைய நண்பர் இருந்தால் நீங்கள் செய்யத்தக்கவை சில. அவர் திருப்பிச் சொன்னால் நகைக்காதீர்கள். ஒரு வினாவைக் கேட்டுவிட்டு விடைக்குக் காத்திருங்கள். கேளாமலே தொட்டு இழுக்காதீர்கள். அவருக்குப் பிடித்தது புகையிரதமா, எண்களா, விண்மீனா என்று அறிந்து, அதைப் பற்றிக் கேளுங்கள். அவர் உங்கள் முகத்தைப் பாராதிருப்பினும் நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். தம்பியோ தங்கையோ அவ்வாறு இருந்தால், அதனை நண்பர்களிடம் மறைக்க வேண்டியதில்லை.

முடிவுரை

தாழ்ந்த குரலில் கேட்கப்பட்ட வினாவுக்கு உரத்த குரலிலேயே விடை கூறுகின்றோம். வீட்டிலே தமிழ் பேசலாம். பேசுங்கள். அம்மம்மாவும் பேசட்டும்.

எமது வகுப்பை விட்டுச் சென்ற அச்சிறுவன், யாம் நேரிற் சென்று மன்னிப்புக் கேட்டபின், இவ்வாண்டு திரும்பி வந்துள்ளான். தாயார் அவனருகே அமர்ந்திருக்கின்றார். இடைவேளை மணிக்குப் பதிலாக, விளக்கை ஒருமுறை அணைத்து ஏற்றுகின்றோம். மற்றைய பிள்ளைகளும் அதனையே விரும்புகின்றனர். அவன் இன்னும் எம் பெயரைச் சொல்லி அழைப்பதில்லை. சில நாட்களில் பத்து நிமிடத்துக்கு மேல் வகுப்பில் இருப்பதுமில்லை. ஒலிபெருக்கியின் சத்தத்தை அவன் தாங்கமாட்டான் ஆகையால், இன்றைய விழா மேடையிலும் நீங்கள் அவனைக் காணமாட்டீர்கள். மண்டபத்துக்கு வெளியே, மூன்றாம் வகுப்பறையின் சுவரிலே, அவன் கைப்பட எழுதிய நெடுங்கணக்கை ஒட்டி வைத்துள்ளோம். போகும் வழியிலே அனைவரும் ஒருமுறை நின்று பார்த்துச் செல்லுமாறு அன்புடன் வேண்டுகின்றோம்.